தொடர்பில் இல்லாதவர்கள்: நான்கு பேர்

எரியோடு,
18.6.2024

ஆராய்ச்சித் திலகம் டாக்டர் முனீர் அவர்களின் சமூகத்துக்கு,

காணாமல் போன சோலைமலை எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரி அய்யம்மாள், மகள் ஜோதி மூவரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க வேண்டியதில்லை. கையில் விருதும் கழுத்தில் மாலையும் தோளில் சால்வையுமாகப் பேப்பரில் பார்த்தேன். முகத்தில் நல்ல பளபளப்பு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் வாயைத் திறந்தால் உனக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தை அப்படிப் பாதியில் அமுக்க முடியாது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கு.

உன் கட்டுரையை ஜோதி செல்போனில் தேடி எடுத்தாள். நர்சிங் படித்த பிள்ளை, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாள். பிரஷருக்குக் கொடுக்கிற, ரத்தக்குழாயை விரித்துவிடுகிற மாத்திரையைக் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாயாம். திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் அறுபத்து நாலு பேர். ஆறு மாதத்தில் ஈரலுக்கு ரத்தம் நன்றாகப் பாய்ந்து, கால் வீக்கமும் வயிற்று வீக்கமும் வடிந்துவிட்டதாம். கெடுதல் ஒன்றும் இல்லையாம். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதினவன் இம்புட்டுத் தூரம் வந்துவிட்டானே என்று அய்யம்மாளிடம்கூடச் சொன்னேன்.

பிறகு ஓர் அட்டவணை வந்தது. அதில் கடைசி வரி: தொடர்பில் இல்லாதவர்கள், நான்கு பேர். யார் அந்த நாலு பேர் என்று நம்பரைப் பார்த்தால் அதில் பதினேழு இருக்கிறது. நீ முகாமில் கொடுத்த அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது முனீர். பதினேழு நான்தான்.

நான் எங்கே போனேன்? 2022 அக்டோபரில், உன் மாத்திரையைத் தின்ற எட்டாவது வாரம், காலையில் கட்டிலை விட்டு எழுந்தவன் கண் இருட்டி விழுந்தேன். இடுப்பெலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். நீ சென்னையிலிருந்து காரில் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். ஆப்பிள் வாங்கி வந்தாய். அன்றைக்கு நான் தொடர்பில் இருந்தேனா இல்லையா? ஆப்பிளை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாய்?

உன் ஆபீஸில் எவனோ செய்த தப்பு என்று இப்போதைக்கு நினைத்துக்கொள்கிறேன். கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, பதினேழாம் நம்பர் விழுந்து இடுப்பொடிந்தான் என்று சேர்த்துவிடு.

ஜோதிக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம். கல்யாணப் பத்திரிகையில் நண்பர்கள் வரிசையில் உன் பெயரைத்தான் முதலில் போட வேண்டும், பட்டங்களோடு போட வேண்டும் என்று அய்யம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பட்டம் எத்தனை, அதற்கு எத்தனை இஞ்சு இடம் வேண்டும் என்று எழுது.

இப்படிக்கு,
சோலைமலை
(நம்பர் 17)


சென்னை,
29.6.2024

அன்புள்ள சோலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அப்படியே இருக்கிறது, முன்கோபமும் அப்படியே இருக்கிறது. இடுப்பு வலி எப்படி?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். 'தொடர்பில் இல்லாதவர்' என்பது எங்கள் துறையில் ஒரு சொல். தொடர்ந்து மூன்று முறை முகாமுக்கு வராதவர்களை அந்தக் கட்டத்தில் போடுவோம். ஊரை விட்டு ஓடிவிட்டாய் என்று அர்த்தம் இல்லை. நீ படுத்திருந்தாய், வரவில்லை, அவ்வளவுதான். ஜோதிக்கு நர்சிங் தெரியும், புள்ளியியல் தெரியாது. உனக்கு இரண்டும் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முருங்கைக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியுமா?

இரண்டாவது, நீ விழுந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று யார் சொன்னது? எனக்குத் தெரியாமல் நாட்டு மருந்து தின்றுகொண்டு உப்பில்லாப் பத்தியம் இருந்ததாக ஆஸ்பத்திரியில் நீயே என்னிடம் ஒப்புக்கொண்டாய். மறைத்தவன் நீ. படிவத்தில் 'இல்லை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நீ. படிப்பறிவில்லாத ஜனங்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது. உன்னைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல்லில் அதே கல்யாண மண்டபத்தில் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இந்தத் தடவை இருநூற்று நாற்பது பேர். தங்கச்சி அய்யம்மாளுக்கும் அதே கிருமி இருப்பதால் அவள் பெயரை நானே முதலில் எழுதிவிட்டேன். நல்லது முதலில் நம் வீட்டாளுக்குக் கிடைக்கட்டும். ஜோதிக்கும் முகாமைக் கவனிக்கிற வேலை ஒன்று போட்டுத் தருகிறேன். கல்யாணம் வரை கைச்செலவுக்கு ஆகும்.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் மட்டும் போதும், பட்டம் வேண்டாம்.

அன்புடன்,
முனீர்


எரியோடு,
9.7.2024

புள்ளியியல் தெரிந்த முனீருக்கு,

உன் கடிதத்தை அய்யம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணன் எம்பேரத்தான் மொதல்ல எழுதிருக்காரு, நீங்க எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீக?" என்கிறாள். உன்மேல் அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மறைத்தோம், ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் காமாலை என்றால் மூன்று விடியலுக்குப் பச்சிலை உருண்டை. பிறகு ஒரு மண்டலமோ இரண்டு மண்டலமோ உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனும் பத்தியத்தை விட மாட்டான். சொன்னால் டாக்டர் வள்ளென்று விழுவார் என்பதால் அவரிடம் சொல்லவும் மாட்டான். பேகம்பூரில் பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாதா? எட்டாம் வகுப்பில் உனக்குக் காமாலை வந்தபோது உங்கம்மா உப்பில்லாத கஞ்சியை உனக்குப் புகட்டினார்கள். நீ துப்பினாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன் முகாமில் எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? மேசையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், "நாட்டு மருந்து ஒன்னும் சாப்டலேல்ல?" என்றது. இப்படிக் கேட்டால் எவன் சாப்பிட்டேன் என்பான்?

அதைக்கூட விடு. மண்டபத்தில் எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் கொடுத்தீர்கள். சுவரோரம் ஒரு வரிசை மட்டும் அதைத் தொடவில்லை. இருபது பேருக்கு மேல் இருக்கும். அவரவர் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தோம். நீ அந்த வரிசையை ஒட்டி இரண்டு தடவை நடந்தாய். "என்ன சோலை, டயட்டா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதுதான் நடந்தது. சென்னையில் மிஷின் வைத்துத் தேடுகிற கண்ணுக்கு எதிரே இருக்கிற தூக்குவாளி தெரியவில்லை.

உப்பைத் தள்ளினால் வீக்கம் வடியும். அதற்கு எம்.டி. படிக்க வேண்டியதில்லை. உப்பில்லாமல் ஏற்கெனவே பிரஷர் இறங்கிக் கிடக்கிறவனுக்கு ரத்தக்குழாயையும் விரித்துவிட்டால் எழுந்து நிற்கும்போது தலைக்கு ரத்தம் ஏறாமல் விழுவான். எனக்குப் பிளேட் வைத்த டாக்டர் சொன்னார், ஜோதியின் பாடப்புத்தகத்திலும் இருக்கிறதாம். ஆக, நல்லது செய்தது எங்கள் பத்தியம். கெட்டது செய்தது அதோடு சேர்ந்த உன் மாத்திரை. நல்லதை மாத்திரையின் பேரில் எழுதிக்கொண்டாய். விழுந்தவர்களைத் தொடர்பில் இல்லை என்று எழுதிவிட்டாய்.

இதையெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டு அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத விடு சோலை, ஒடம்பப் பாரு" என்றாய். பாசம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் முட்டாள்தனத்தை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

அய்யம்மாளும் இப்போது பத்தியத்தில்தான் இருக்கிறாள். உன் மாத்திரையைத் தின்றால் நான் விழுந்த இடத்தில் அவளும் விழுவாள். அவளைப் போல அந்த இருநூற்று நாற்பது பேரில் எத்தனை பேர்? 25ஆம் தேதிக்குள் பத்திரிகைக்கு உண்மையை எழுதி முகாமை நிறுத்து.

மற்ற மூன்று பேரை நீ கண்டுபிடிக்க வேண்டாம், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரே சுவரோரம் கஞ்சி குடித்தவர்கள். பெயரும் தெரியும், ஊரும் தெரியும். ஜோதிக்கு உன் வேலை வேண்டாமாம்.

இப்படிக்கு,
ப்ளஸ் டூ வரை உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பறிவில்லாத ஜனம்,
சோலைமலை


எரியோடு,
2.8.2024

பதில் போடாத முனீருக்கு,

நீ கையெழுத்துப் போட்ட சீட்டைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஆக, கடிதம் வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை. உன் கணக்குப்படி நீ இன்னும் இரண்டு தடவை இப்படி இருந்தால் தொடர்பில் இல்லாதவர் ஆகிவிடுவாய்.

முதலில் காதர் பீவி, நாற்பதாம் நம்பர். பேகம்பூரில் உன் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. உங்கம்மா மௌத்தானபோது உங்கள் வீட்டு ஆட்களுக்கு மூன்று நாள் ஆக்கிப் போட்டது இந்தம்மாதான். கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆயிற்று, அதில் இரண்டு நிமிஷம் முக்குக் கடையில் டீ குடித்தேன். காலையில் அடுப்படியில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார். மணிக்கட்டு ஒடிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. இடியாப்பம் பிழிந்து விற்ற கை. இப்போது மகள் பிழிகிறாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "நம்ம முனீர் குடுத்தது தம்பி, அதுல என்னா கெடுதல் வந்துரப் போகுது? எனக்குத்தான் நேரம் சரியில்ல" என்றார். கேட்டுக்கொள்.

அடுத்து பாலசமுத்திரம் நாச்சிமுத்து. தென்னந்தோப்பு வாய்க்காலில் தலைகுப்புற விழுந்து மண்டையில் எட்டுத் தையல். அந்த மனிதர் மாத்திரையை நிறுத்திவிட்டார், பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, டாக்டரு நல்லா இருக்காருங்களா? சொல்லாமக் கொள்ளாம மாத்திரைய நிறுத்திப்போட்டனுங்க, கோவிச்சுக்கிட்டாருங்களா?" நீ கோபித்துக்கொள்வாயோ என்று பயந்து இரண்டு வருஷமாகத் திண்டுக்கல் பக்கமே வராமல் இருக்கிறார். இவரை நீ காணவில்லை என்று எழுதியிருக்கிறாய்.

கடைசியாக ஆனந்தமேரி, முப்பத்தொன்று. சிறுமலைக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததற்குப் பாதி நாள் காத்திருந்தேன். உனக்கு அந்தம்மாவை ஞாபகம் இருக்காது. முகாமுக்கு வரும்போதெல்லாம் மலைவாழைப்பழம் கொண்டுவந்து எங்கள் வரிசைக்குக் கொடுப்பார். பழத்தில் உப்பில்லை, தின்னுங்க என்பார். அவர் 2022 டிசம்பரிலேயே இறந்துவிட்டார் முனீர். விடிந்ததும் வாசல் படியில் இறங்கும்போது தலை சுற்றி விழுந்து, கல்லில் அடிபட்டு, மலையை விட்டு இறக்குவதற்குள் போய்விட்டார்.

வீட்டுக்காரர் சவரிமுத்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். மாதா படத்துக்குப் பின்னால் இருந்து உன் அட்டையை எடுத்துக் காட்டினார். "மாத்திரை ஒரு நாள் தப்பல. பத்தியமும் தப்பல. ரெண்டையும் ஒழுங்காத்தான் பாத்தா. அப்பறம் எதுக்குங்க இப்பிடி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். தெரியலீங்க என்றேன். உன் பொய்யை நானும் சொன்னேன்.

இன்னும் கேள். ஆனந்தமேரி விட்டுப்போன மாத்திரை ஒரு டப்பாவில் இருக்கிறது. உடம்பு அசதியாக இருக்கிற நாளில் சவரிமுத்து அதில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். பெரிய டாக்டர் சும்மா கொடுத்த நல்ல மருந்து, வீணாக்கக் கூடாதாம். இனிமேல் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி வருகிறதா என்று கேட்டார்.

நாலு பேரின் விலாசமும் பின்கோடும் இத்துடன் வைத்திருக்கிறேன். தொலைந்த நாலு பேரைக் கண்டுபிடிக்க ஒரு கைத்தடியும் ஆறு பஸ் டிக்கெட்டும் போதுமாக இருந்தது. 25ஆம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

சோலைமலை


சென்னை,
11.8.2024

சோலை,

இதை என் கைப்பட எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

ஆனந்தமேரி இறந்தது எனக்குத் தெரியாது. போன் செய்தோம், எடுக்கவில்லை என்று முகாம் ஆட்கள் எழுதியிருந்தார்கள். இன்னொரு தடவை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன பதில் வருமோ என்று பயந்தேன். நீ விழுந்ததும், காதர் பீவி மாமி விழுந்ததும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

உங்கள் நாலு பேரைச் சேர்த்தால் கட்டுரையே இல்லை. அறுபத்து நாலு பேரில் நாலு பேர் விழுந்து, அதில் ஒருவர் இறந்தார் என்றால் இரண்டாம் கட்டத்துக்கு எவனும் அனுமதி தர மாட்டான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவன் கட்டுரையில் ஐந்தாவது பெயராகவும் ஆறாவது பெயராகவும் இருந்தேன். முதல் பெயராக வந்தது இது ஒன்றுதான்.

இரண்டாம் கட்டம் நடக்கட்டும். படிவத்தில் உப்பைப் பற்றி ஒரு கேள்வி சேர்த்துவிடுகிறேன். பத்தியம் இருக்கிறவர்களை எடுக்க மாட்டேன். அய்யம்மாள் பெயரை நேற்றே எடுத்துவிட்டேன். உனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பழையதைக் கிளறாதே.

ஐந்து வருஷம் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டாய். அம்மா எனக்கு வைக்கிற கறியில் பாதியை உனக்கு வைத்தாள். அதற்காகவாவது சும்மா இரு.

முனீர்


எரியோடு,
16.8.2024

முனீர்,

சோற்றைச் சொல்லிக் காட்டிவிட்டாய். உங்கம்மா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சைவமா கறியா என்றுகூடக் கேட்காமல் என் தட்டிலும் போட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து அதற்கு நீ ரசீது எழுதி அனுப்புகிறாய். சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்கலாம் என்று பார்த்தேன். உன்னிடம் உப்பைப் பற்றிப் பேசி எனக்கு வாய் வலித்துவிட்டது.

உங்கத்தா தோல் மண்டியில் நாம் இரண்டு பேரும் சனிக்கிழமை தோல் எண்ணியிருக்கிறோம். ஓட்டை விழுந்த தோல் வந்தால் அவர் அதைக் கட்டுக்கு மேலேதான் போடுவார். வாங்குகிறவன் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும் என்பார். நீ ஓட்டையை உள்ளே மடித்துக் கட்டுகிற ஆள். அவர் மகன் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்காதே.

உப்பைப் பற்றிப் படிவத்தில் கேள்வி சேர்ப்பாயாம். சேர்த்துக்கொள். 'உப்புச் சேக்குறீங்கல்ல?' என்று உன் ஆள் கேட்கும், சேர்க்கிறோம் என்று எங்கள் ஜனம் சொல்லும். பிறகு தூக்குவாளியைத் திறந்து சுவரோரம் உட்காரும்.

அய்யம்மாள் பெயரை எடுத்துவிட்டேன் என்று நீ எழுதிய வரியை அவளுக்கு வாசித்தேன். இத்தனை நாள் உனக்காக என்னோடு சண்டை போட்டவள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்திவிட்டாள். "எம்பேர மட்டும் எடுத்துட்டாராக்கும். அப்ப மத்தவக தின்னுட்டு விழட்டுமா?" என்றாள். பிறகு உன்னை அண்ணன் என்று சொல்லவில்லை. டாக்டர் என்கிறாள்.

நேற்று மறுபடி சிறுமலைக்குப் போனேன். சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. டாக்டருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

25ஆம் தேதி மண்டப வாசலில் இருப்போம். நான், காதர் பீவி, நாச்சிமுத்து, ஆனந்தமேரிக்குப் பதிலாகச் சவரிமுத்து. கூப்பிட்டுப் பார், நாலு பேரும் தொடர்பில் இருக்கிறோமா என்று தெரியும்.

சோலைமலை


சென்னை,
30.8.2024

சோலை,

உன்னையும் மற்ற இரண்டு பேரையும் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நீ வாசலில் நின்று தொண்டை வற்றக் கத்தியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. பொட்டலம் தீர்ந்துவிடுமோ என்று உன்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நீ யாருக்காகச் சண்டை போடுகிறாயோ அந்த ஜனம் இதுதான்.

சவரிமுத்து மட்டும் வரிசையில் நின்று வந்தார். அட்டையை நீட்டினார், முப்பத்தொன்று. பழைய அட்டை செல்லாது என்று மேசைப் பெண் சொன்னது. அவர் என்னிடம் வந்து ஒரு டப்பாவைக் கொடுத்தார். "பதினோரு மாத்திரை மிச்சம் இருக்குங்க டாக்டர். வேற யாருக்காச்சும் குடுத்து அவுகளுக்கும் இப்பிடி ஆயிரக் கூடாது, நீங்களே வச்சுக்கங்க." இவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் சுவரோரம் பார்த்தேன். தூக்குவாளிகள் இருந்தன. எண்ணினேன். முப்பத்தெட்டு.

மைக்கில் முகாம் ரத்து என்று சொன்னேன். நீ கிளம்பிவிட்டாய், இல்லாவிட்டால் கேட்டிருப்பாய். நேற்றுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். உப்பு, விழுந்தவர்கள், இறந்தவர் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். விருதைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும். மனசு லேசாக இருக்கிறது.

முனீர்


சென்னை,
24.11.2024

அன்புள்ள சோலைக்கு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. திருத்தம் அச்சில் வந்துவிட்டது, நகல் இத்துடன். ஜோதியை வாசிக்கச் சொல். வேலைக்கு ஆபத்தில்லை. நேர்மையாக ஒப்புக்கொண்டார் என்று மேலே இருப்பவர்களே பாராட்டினார்கள், விருதையும் கேட்கவில்லை.

தை நெருங்கிவிட்டது, கல்யாணப் பத்திரிகை இன்னும் எனக்கு வரவில்லையே? காதர் பீவி மாமிக்கு வந்துவிட்டதாகப் பேகம்பூரில் சொன்னார்கள். தேதியைச் சொன்னால் லீவு போட வசதியாக இருக்கும். அய்யம்மாளுக்கு என் சலாம்.

உன்,
முனீர்


எரியோடு,
3.12.2024

முனீருக்கு,

ஜோதி வாசித்தாள். உப்பு வந்துவிட்டது. விழுந்த மூன்று பேரும் வந்துவிட்டோம். ஆனந்தமேரி பெயர் இல்லாவிட்டாலும் இறந்தது வந்துவிட்டது. இனி அந்த மாத்திரையைத் தூக்கிக்கொண்டு யாரும் திண்டுக்கல்லுக்கு வர மாட்டார்கள். அதைச் செய்தவன் நீதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அய்யம்மாளும் மற்றவர்களும் அரசு ஆஸ்பத்திரியில் கிருமிக்கு உரிய மருந்தை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அய்யம்மாள் பத்தியத்தை விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக எங்கள் வீட்டுக் குழம்பு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறது.

முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். "நான்கு நோயாளிகளின் விவரம் தவறுதலாக விடுபட்டுவிட்டது." இங்கிலீஷில் அப்படித்தான் இருக்கிறதா, நீ தமிழில் மாற்றிச் சொல்கிறாயா என்று ஜோதியைக் கேட்டேன். அப்படித்தான் இருக்கிறதாம்.

தவறுதலாகவா? என் கட்டிலுக்குப் பக்கத்தில் தவறுதலாக வந்து நின்றாயா? காதர் பீவி விழுந்தது தெரியும் என்று உன் கையால் எழுதினாயே. கிழிக்கச் சொன்ன அந்தக் கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. யாரிடமும் காட்ட மாட்டேன், பயப்படாதே. காட்டினால் உனக்கு வேலை போகும், அது எனக்குத் தேவையில்லை. பயந்துவிட்டேன், தெரிந்தே விட்டேன் என்று நீ எழுதியிருந்தால் நானே சென்னைக்கு வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். கைத்தடியோடு ரயிலேறத் தயாராகத்தான் இருந்தேன். அந்த ஒரு வரியில் நேர்மையானவன் என்று பெயரும் வாங்கிவிட்டாய். நீ கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது.

"தப்ப ஒத்துக்கிட்டாருல்ல, பத்திரிகைய அனுப்பிருவோம்" என்று அய்யம்மாள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்து இரண்டு வாரம் ஆயிற்று. நண்பர்கள் வரிசையில் காதர் பீவி, பேகம்பூர். நாச்சிமுத்து, பாலசமுத்திரம். சவரிமுத்து, சிறுமலை. மூன்று பேர்தான், பட்டம் ஒன்றும் இல்லாததால் இடம் தாராளமாக இருக்கிறது. பழைய ஸ்கூல் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். உன் பெயர் ஏன் இல்லை என்று உன்னிடம் கேட்பார்கள்.

தவறுதலாக விடுபட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்.

சோலைமலை